மழைக்கு மறுநாள் அறுத்த சோளம்

அந்த வருஷத்து வெயிலுக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது. போ என்றால் போகாது, போதும் என்றால் கேட்காது. காலையில் பால் கறந்து முடிப்பதற்குள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகும் மாட்டுக் கொட்டகையின் தகரத்தைத் தொட்டால் கை பொத்துப் போகும். காற்று என்று ஒன்று வந்தால் அதுவும் அடுப்பு வாயிலிருந்து வந்த மாதிரி வரும். இதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

கொட்டகையில் மூன்று மாடுகள். செவலை, புள்ளி, இன்னும் கன்று போடாத ஒரு கிடாரி. இவற்றை வைத்துத் தெரு முழுக்கப் பால் ஊற்றுவதால் வீட்டுக்காரிக்குப் பால்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. கொட்டகைக் கதவு ஒரு பக்கம் தொங்குகிறதே என்று கேட்டால், நாளைக்கு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கவில்லையா, நாளைக்கு. மழை எப்போதய்யா வரும் என்று யாராவது வாயைக் கிண்டினால், செல்போனை எடுத்து இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துவிட்டு, முகம் மலர, "நாளைக்கு" என்பான். நல்ல மனுஷன். ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்க மாட்டான். அப்படிப்பட்டவனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பால்காரியைக் கேட்டால் தெரியும்.

கொட்டகையை ஒட்டினாற்போல் பின்னாலேயே அவர்களுடைய மக்காச்சோளக் காடு. மானாவாரி நிலம். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மேலேயிருந்து விழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விதைத்த புதிதில் இரண்டு நல்ல மழை பெய்து ஆசை காட்டியது. பயிர் முழங்கால் உயரம் வந்தபோது கருகருவென்று மேகம் திரள, 'நாளைக்கு' ஓடிப்போய் யூரியா மூட்டையைப் பிரித்து வரிசை வரிசையாகத் தூவினான். "மழை விழுந்த உடனே வேர் குடிச்சிடும் பாரு" என்றான். மேகம் அவன் தலைக்கு மேலே நின்று நிதானமாக வேடிக்கை பார்த்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டியது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. அப்படியும் ஒரு ஓரவஞ்சனை உண்டா? தூவின உரம் காய்ந்த மண்ணில் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு மேகம் என்பதே கண்ணில் படவில்லை.

பூக்கிற நேரம் வந்தது. மக்காச்சோளத்துக்கு இருக்கிற நேரத்திலேயே பொல்லாத நேரம் அதுதான். உச்சியில் ஆண்பூ விரியும். இடுப்பில் கதிர் பிடித்து அதன் நுனியில் பட்டு நூல் மாதிரி மீசை வெளியே வரும். மேலே இருக்கிற தூள் கீழே இருக்கிற மீசையில் விழ வேண்டும். ஒவ்வொரு மீசை நூலுக்கும் ஒரு மணி. விழவில்லையென்றால் மணி இல்லை. அவ்வளவு நாள் வளர்ந்ததெல்லாம் அந்த நாலைந்து நாளுக்காகத்தான்.

பால்காரி ஒரு காலை காட்டுக்குள் போய்ப் பார்த்தாள். இன்னும் வெயில் சரியாக ஏறக்கூட இல்லை, அதற்குள் இலைகள் வெற்றுக் குழலாகச் சுருட்டிக்கொண்டு நின்றன. ஆண்பூ எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தட்டினால் தூள் பறக்கவில்லை, சருகு உதிர்ந்தது. கதிரைத் தடவினாள். மீசை இன்னும் உள்ளேயே முடங்கிக் கிடந்தது.

"ஏங்க, மேலே பூ முடிஞ்சே போச்சு. கீழே மீசை வெளிய வரவே இல்லை" என்றாள்.

"வரும். ஒரு மழை போதும், எல்லாம் வந்துடும்."

வரப்பில் புல் ஏதாவது தேறுமா என்று தேடிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். 'நாளைக்கு'வின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வாய் மட்டும் ஊருக்கே போதும். "ஏண்டா தம்பி, மாப்பிள்ளை வந்து காத்துக் கெடந்து, வெறுத்துப்போய்க் கிளம்பியாச்சு. பொண்ணு இன்னும் கதவையே தெறக்கலை. இனிமே மழை வந்து யாருக்குக் கல்யாணம் பண்ணப் போகுது?"

"நீ சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். வேலை இருந்தாத்தானே செய்ய!"

பால்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனசெல்லாம் கொட்டகையில் இருந்தது. வைக்கோல் போர் கரைந்து கரைந்து அடி தெரிய ஆரம்பித்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் காசு கொடுத்தாலும் தீவனம் இல்லை. எல்லார் வீட்டிலும் இதே கதை. கதிர் போனால் போகட்டும், அவள் அதற்குத் துக்கம் கொண்டாடி முடித்தாயிற்று. மாடு நிற்க வேண்டும். மூன்றும் உயிரோடு நின்றால் அடுத்த விதைப்பு வரைக்கும் வீடும் நிற்கும். செவலை சினை வேறு. பச்சை இருக்கும்போதே சோளத்தை அறுத்துப் போட்டால் மாடு பிழைக்கும். காய்ந்து சருகான பிறகு அதை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.

அந்த வாரமே தீவனம் அறுக்கும் மெஷின்காரர் பக்கத்துக் காட்டுக்கு வந்திருந்தார். அவள் நேரே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் மெஷினை வரப்போரம் நிறுத்தி, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார்.

"இல்லைண்ணே, இன்னைக்கு வேணாம்" என்றான் 'நாளைக்கு'. "மேற்கே பாருங்க, கொஞ்சம் மேகம் கட்டுது. ஒரு மழை விழுந்துட்டா பாதிக்குப் பாதி தேறிடும். அறுத்துட்டா என்னத்தைப் பார்க்கிறது?"

"அங்க கட்டறது மேகமில்லை, செங்கல் சூளைப் புகை" என்றாள் பால்காரி.

மெஷின்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நான் இன்னைக்கு இங்க இருக்கேன். நாளைக்கு எந்த ஊர்ல நிப்பேன்னு எனக்கே தெரியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்ணே."

மனுஷர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வண்டியைக் கிளப்பினார்.  பால்காரி அவனைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். "உங்க நம்பிக்கையை அறுத்து மாட்டுக்குப் போட முடியுமா? சொல்லுங்க, முடியுமா?" அவன் செல்போனைத் தேய்த்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தக் காட்டை உழுததும் விதைத்ததும் களை எடுத்ததும் அவன். எந்த மனசோடு வெட்டச் சொல்வான்? ஆனால் பாவம் பார்த்தால் மாட்டின் வயிறு நிறையுமா? ரெண்டு நாள் அவனோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானம், மழை வந்தது.

செல்போன் சொல்லவில்லை, ரேடியோ சொல்லவில்லை. திடீரென்று இருட்டிக்கொண்டு, தகரத்தின் மேல் கல்லை வாரி இறைத்த மாதிரி விழுந்தது. 'நாளைக்கு' சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் போய் நின்றான். நின்றவன் நின்றவன்தான். வாயைத் திறந்து குடித்தான். "பார்த்தியா! பார்த்தியா!" என்று கத்தினான். நாத்தனார், "டேய், காய்ச்சல் வந்தா நான் கஷாயம் போட மாட்டேன்" என்று உள்ளேயிருந்து திட்டினாள், திட்டிக்கொண்டே அவளும் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டாள். பால்காரியும் சிரித்தாள்.  ஒருவேளை இந்தப் பைத்தியக்கார மனுஷன் சொன்னது சரிதானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

மறுநாள் விடிந்தபோது காடு வேறு காடாக இருந்தது. சுருட்டிக்கிடந்த இலையெல்லாம் விரிந்து, கழுவி வைத்தது போல் பளபளவென்று நின்றது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. கதிர்களில் மீசைகூடச் சாவகாசமாக வெளியே தலை நீட்டியிருந்தது. 'நாளைக்கு' புதுமாப்பிள்ளை மாதிரி வரப்பில் நடந்தான்.

பால்காரி ஒரு கதிரை ஒடித்தாள். நுனியிலிருந்து மட்டையை நூல் அறுபடாமல் மெல்ல உரித்து, கதிரின் அடியைப் பிடித்துக்கொண்டு லேசாக உதறினாள். அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது. மணி பிடித்திருந்தால் மீசை நூல் தானாகக் கழன்று விழுந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உதறினாள். ஒரு நூல்கூட விழவில்லை. அடுத்த வரிசையில் ஒன்று. விழவில்லை. நடுக்காட்டில் ஒன்று, கடைசி வரப்பில் ஒன்று. எல்லாம் அப்படியே நின்றது, கெட்டியாக, நனைந்த தலைமுடி மாதிரி. அவள் கதிர்களைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். 

அவன் ஒன்றை எடுத்துத் தானே உதறிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்து உதறினான். மூன்றாவதைக் கொஞ்சம் பலமாகவே உதறினான். பிறகு ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "மழை வந்துச்சே" என்றான். 

கொட்டகையில் செவலை கத்தியது. முந்தின நாளிலிருந்து மாடுகளுக்கு அரை வயிறுதான். மிச்சமிருந்த வைக்கோலையும் மழை நனைத்து நாசம் பண்ணியிருந்தது.

"சரி, விடுங்க" என்றாள் பால்காரி, குரலைத் தணித்துக்கொண்டு. "கதிர் இல்லைன்னா என்ன. தண்டும் தட்டையும் இருக்கே, எவ்வளவு பச்சையா இருக்கு பாருங்க. மாடு மூணும் பொழைச்சுக்கும். வாங்க, அறுப்போம்."

"மண்ணு சேறா இருக்கு. கொஞ்சம் காயட்டும். நாளைக்கு…"

அவ்வளவுதான். அவள் பொங்கிவிட்டாள். "இன்னொரு தடவை அந்த வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்! நாளைக்கு நாளைக்குன்னுதான் கதிர் போச்சு. இப்ப மாடும் போகணுமா?"

அவன் எழுந்து அரிவாளை எடுத்தான்.

மூன்று பேரும் அறுத்தார்கள். பால்காரிக்கு இருந்த வேகத்துக்கு முன்னால் மெஷின் பிச்சை வாங்க வேண்டும். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. நாத்தனார் வழக்கம்போல நடுவில் பிடித்து அறுத்ததைப் பார்த்த பால்காரி, "என்ன அண்ணி, பாதியை விட்டுட்டு வர்றீங்க? அடியோட அறுங்க. அடித்தண்டுலதான் சாறு இருக்கு. ஒரு முழம்னாலும் தீவனம்தானே" என்றாள். தானே குனிந்து மண்ணோடு மண்ணாக அறுத்தாள். பஞ்சத்தில் ஒரு முழத் தண்டை வீணாக விடுகிறவள் என்ன குடும்பத்துப் பெண்?

கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நறுக்கித் தொட்டி நிறையக் கொட்டினாள். மாடுகள் பாய்ந்தன. அசை போடக்கூட நேரமில்லாமல் விழுங்கின. செவலை எப்போதும் போலக் கொம்பை ஆட்டிக் கிடாரியை ஓரம் தள்ளிவிட்டு, அதன் பங்கையும் சேர்த்துத் தின்றது. "அடி ஆசைக்காரி, மெதுவா தின்னுடி, எங்கேயும் ஓடிடாது" என்று பால்காரி அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். மொறுமொறுவென்று அவை மெல்லுகிற சத்தம் கேட்கக் கேட்க அவள் நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! தொட்டி காலியாக ஆக நாத்தனார் இன்னும் இன்னும் அள்ளிப் போட்டாள். பால்காரி அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் தண்ணீர் காட்டப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். செவலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விலா ரெண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. வாயில் எச்சில் ஒழுகியது. ஒரு அடி எடுத்து வைத்து, கால் பின்னி, சுவரில் சாய்ந்தது. அவள் ஓடிப்போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு மண் நிறமாக இருந்தது.

"ஏங்க! ஏங்க! டாக்டருக்குப் போன் போடுங்க!"

'நாளைக்கு' காற்றில்லாத சைக்கிளிலேயே ஓடினான், போனில் கிடைக்காமல் நேரிலேயே கூட்டிவர. நாத்தனார் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி என் கண்ணு" என்று தடவிக்கொடுத்தாள். பால்காரி வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள், முகத்தில் தண்ணீர் அடித்தாள், தெரிந்ததையெல்லாம் செய்தாள். தெரிந்தது எதுவும் உதவவில்லை. செவலை காலை ஒரு முறை நீட்டி மடக்கி அடங்கிப்போனது. வயிற்றுக்குள் இருந்த கன்று கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அதற்குள் புள்ளியும் தள்ளாட ஆரம்பித்தது.

மாட்டு டாக்டர் வந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. தொட்டியில் மிச்சமிருந்த தட்டையைப் பார்த்த உடனே அவர் முகம் மாறிவிட்டது. புள்ளியின் கழுத்தில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார். கடுங்காப்பி நிறத்தில் வந்தது.

"எப்ப அறுத்தீங்க?"

"இன்னைக்குக் காலைல" என்றாள்.

"மழைக்கு மறுநாளா? அடியோடயா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"யூரியா போட்டிருந்தீங்களா?"

"போட்டேன் சார்" என்றான் 'நாளைக்கு'. "மழை வரும்னு போட்டேன்."

டாக்டர் பையைத் திறந்துகொண்டே பேசினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காய்ஞ்சு கெடந்தப்ப உரத்தைப் பயிர் எடுத்துக்க முடியலை. நேத்து தண்ணி பட்டதும் மொத்தத்தையும் ஒரேயடியா உறிஞ்சிடுச்சு. அது அப்படியே தண்டுல நிக்கும், அடித்தண்டுலதான் அதிகம். பசியில இருக்கிற மாடு அவசரமா தின்னா, ரத்தம் கெட்டு மூச்சு அடைச்சிடும். மழை பெஞ்சா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு, முழங்கால் உயரம் விட்டுட்டு அறுக்கணும்." ஒரு சின்னப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் நீல மருந்து இருந்தது. "காலைலேர்ந்து இதே கேஸ்தாம்மா. அங்க ரெண்டு வீட்டுல போட்டுட்டு வர்றேன். இவ்வளவுதான் மிச்சம்."

இருந்ததைப் புள்ளிக்குப் போட்டார். புள்ளி கொஞ்சம் நிமிர்ந்தது. மூச்சு நிதானப்பட்ட மாதிரி இருந்தது. பால்காரி அதன் மூக்கையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாட்டையாவது விட்டுவை என்று யாரைக் கெஞ்சுவது என்று தெரியாமல் எல்லாரையும் கெஞ்சினாள். மருந்து பத்தவில்லை. பொழுது சாயும்முன் புள்ளியும் விழுந்துவிட்டது.

கிடாரி மட்டும் பிழைத்தது. ஓரம் தள்ளப்பட்டதால் அது நாலு வாய்தான் தின்றிருந்தது. கொஞ்ச நேரம் தள்ளாடி, எழுந்து நின்றுகொண்டது.

"இது தேறிடும்" என்றார் டாக்டர். "ஆனா அந்தச் சோளத்துல ஒரு இலை இதுக்குக் காட்டாதீங்க. வேற தீவனம் குடுங்க."

"வேற எங்க சார் இருக்கு?"

அவர் பையை மூடி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "விசாரிச்சுப் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்கள் வந்து ரெண்டையும் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பால்காரிக்கு அதுதான் தாங்கவில்லை. புருஷன் ஒரு வார்த்தை சொல்வான், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு தடவையாவது கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கொட்டகையைக் கழுவிவிட்டு வந்து அவளருகில் உட்கார்ந்தான்.

"திட்டுங்களேன்" என்றாள். "வாயைத் தெறந்து திட்டுங்களேன்! காயட்டும்னு சொன்னீங்கல்ல? நான்தானே கேக்கலை! நான்தானே அடியோட அறுக்கச் சொன்னேன்!"

"சேறா இருக்கேன்னுதான் சொன்னேன். எனக்கு மட்டும் தெரியுமா" என்றான் அவன். "உரம் போட்டது நான்."

"அள்ளி அள்ளிப் போட்டது நான்" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவள் வாயிலிருந்து அதற்கு மேல் வேறெதுவும் வரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

இரண்டு நாள் அக்கம்பக்கத்தில் கையேந்தி வாங்கிய வைக்கோலை வைத்து ஓட்டினார்கள். ஒரு வீட்டில் ஒரு பிடி, இன்னொரு வீட்டில் அரைக் கட்டு. அதற்கு மேல் கேட்க முகமில்லை, கேட்டாலும் கொடுக்க அவர்களிடமும் இல்லை. பால்காரி வைக்கோலோடு காகிதப் பெட்டியைக்கூடக் கிழித்துப் போட்டுப் பார்த்தாள். கிடாரி அதை முகர்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

கொட்டகைக்குப் பின்னால் அறுத்தது போக மிச்சக் காடு நின்றது. மழை குடித்த தெம்பில் நாளுக்கு நாள் கொழுத்தது. காற்றடித்தால் அந்தப் பச்சை வாசனை கொட்டகைக்குள் வந்து நிறைந்தது. கிடாரி தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, அந்தப் பக்கம் திரும்பிக் கத்தும். பசித்த பிள்ளை அழுவதைக் கேட்டிருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படித்தான். பால்காரி காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில் மனசு கேட்காமல் திரும்பி வருவாள்.

அடுத்த நாள் காலை கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டது. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது அது காட்டு வரப்பை நெருங்கிவிட்டது. நாக்கை நீட்டினால் முதல் வரிசைச் சோளம். அவள் முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்தாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. தள்ளினாள், கொம்பைப் பிடித்துத் திருப்பினாள், முடியவில்லை. கீழே கிடந்த ஒரு தடியை எடுத்தாள்.

அந்த வீட்டில் மாட்டை யாரும் அடித்ததில்லை. ஈ ஓட்டக்கூடத் துண்டுதான். அவள் அடித்தாள். முதல் அடியில் கிடாரி நம்பவில்லை, அப்படியே நின்றது. இரண்டாவது அடியை முகத்திலேயே அடித்தாள். "போடி! போ! அந்தப் பக்கம் போ!" என்று கத்தினாள், கண்ணீர் வாயில் இறங்கியது. 'நாளைக்கு' புதுக்கயிறோடு ஓடி வந்து பத்தடி தள்ளி நின்றான். அவளைத் தடுப்பதா மாட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றான்.

கிடாரி பின்வாங்கியது. பிறகு சோளத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடியும் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தது. பால்காரி தடியை மறுபடி ஓங்கினாள்.